பாயில் இருந்து எழும்பும் பலம்: ஐம்பது தாண்டியவர்கள் வீட்டிலேயே தொடங்கக்கூடிய உடற்பயிற்சி

மூன்று வருடத்துக்கு முன் சொந்தத்துக்குள் ஒரு செத்த வீட்டு அந்தியேட்டிக்குப் போயிருந்தோம். விறாந்தையில் பாய் விரித்திருந்தார்கள், அம்மாவும் மற்றப் பெண்களோடு கீழே இருந்து கதைத்துக்கொண்டிருந்தார். புறப்படுகிற நேரம் அவரால் எழும்ப முடியவில்லை. கையை நிலத்தில் ஊன்றிப் பார்த்தார், சுவரைப் பிடித்துப் பார்த்தார், கடைசியில் "பிள்ளை, ஒருக்காத் தூக்கிவிடு" என்று மெல்லச் சொன்னார். நானும் மச்சாளும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிவிட்டோம். அம்மாவுக்கு 76 வயது, பிறசருக்கு ஒரு குளிசை போடுவதைத் தவிரப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு நானும் நிலத்தில் இருந்து எழும்பிப் பார்த்தேன். எனக்கு அப்போது 54. கட்டில் சட்டத்தைப் பிடிக்காமல் எழும்ப முடியவில்லை.

அடுத்த நாளே தொடங்கினோம், இரண்டு பேரும். நான் டொக்டர் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. அம்மாவுக்கு வைத்தியசாலையின் பிசியோதெரபிப் பிரிவில் காட்டித் தந்ததும், நானாகத் தேடி வாசித்ததும், மூன்று வருடம் செய்து பார்த்துப் பிழைவிட்டுத் திருத்தியதும் சேர்ந்ததுதான் கீழே இருப்பது. ஒருநாளும் உடற்பயிற்சி செய்யாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என்ன பயிற்சி இது?

ஜிம் வேண்டாம், காசு கொடுத்து ஒரு சாமானும் வாங்க வேண்டாம். நாளாந்தம் உடம்பு செய்கிற அசைவுகளை எண்ணினால் ஏழெட்டுக்குள் அடங்கிவிடும்: இருந்து எழும்புவது, குனிந்து தூக்குவது, சுமந்துகொண்டு நடப்பது, படி ஏறுவது, தள்ளுவது, எட்டி எடுப்பது, தடுக்கினால் விழாமல் சமாளித்து நிற்பது. இவற்றைக் கொஞ்சம் ஒழுங்காக, நாள் போகப் போகக் கொஞ்சம் பாரம் கூட்டி, கிழமைக்கு மூன்று நாள் செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் பெற்றோரின் காலத்தில் இது வீட்டு வேலைக்குள்ளேயே இருந்தது. துலாவில் தண்ணீர் இறைத்தார்கள், அம்மியில் அரைத்தார்கள், உரலில் மா இடித்தார்கள், திருவலையில் இருந்து தேங்காய் துருவினார்கள், பாயில் படுத்து எழும்பினார்கள், கக்கூசுக்குப் போனாலும் குந்தித்தான் இருந்தார்கள். இப்போது சுவிச்சைப் போட்டால் தாங்கியில் தண்ணீர் நிறைகிறது, சம்பலைக் கிரைண்டர் அரைக்கிறது, சாப்பிட மேசை கதிரை, படுக்கக் கட்டில், கக்கூசில் கொம்மோட். அந்தக் கஷ்டத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை, உலக்கை பிடித்துக் கை காய்த்துப்போன ஒரு தலைமுறையைப் பார்த்து அப்படிச் சொல்வது நியாயமும் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் குந்தி எழும்பிய உடம்பு இப்போது மாதக்கணக்கில் ஒரு தரமும் குந்துவதில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

பாவிக்காத தசை கரையும். முப்பது வயதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு ஏறக்குறைய 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, அறுபதுக்குப் பிறகு அந்த வேகம் இன்னும் கூடுகிறது, பலமோ தசையைவிட வேகமாகப் போகிறது. "வயது போனால் அப்படித்தான்" என்று நாங்கள் சொல்லிவிட்டு இருந்துவிடுகிறோம், ஆனால் போனதில் நல்ல பங்கைத் திருப்பி எடுக்கலாம். 1990 இல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் பொஸ்ரனில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்குக் கால் தசைகளுக்குப் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். எட்டுக் கிழமையில், பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொண்ணூறு வயதில்! இதை வாசித்த பிறகுதான் அம்மாவையும் கூட்டிக்கொண்டு செய்யலாம் என்ற துணிவு எனக்கு வந்தது.

"நான் ஒவ்வொரு நாளும் நடக்கிறேனே"

நடப்பது மிக நல்லது, விடாதீர்கள். விடியக் காலையில் யாழ்ப்பாணத்தில் பண்ணைக் கடற்கரையிலும் பழைய பூங்காவிலும் நல்லூர் வீதியிலும் நடக்கிறவர்களைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும். இதயத்துக்கு, சீனிக்கு, பிறசருக்கு, மனதுக்கு எல்லாம் அது உதவும். ஆனால் சமதரையில் நடப்பதால் மட்டும் தொடை பலக்காது, கை பலக்காது. ஒவ்வொரு நாளும் ஐந்து கிலோமீற்றர் நடக்கிற, ஆனால் தாழ்ந்த கதிரையில் இருந்து கைப்பிடியை ஊன்றாமல் எழும்ப முடியாத மனிதர்களை எனக்குத் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலும் இரண்டையும்தான் கேட்கிறது: கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் நடை போன்ற மிதமான உழைப்பு, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி. 65 வயது தாண்டியவர்களுக்கு, சமநிலையையும் பலத்தையும் வளர்க்கிற பயிற்சி கிழமைக்கு மூன்று நாளாவது வேண்டும் என்று தனியாகச் சொல்கிறது. மிதமான வேகம் எது என்று தெரியாவிட்டால் இப்படிப் பாருங்கள்: நடந்துகொண்டே கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது.

தொடங்க முன்

நெஞ்சு நோ, நடந்தால் நெஞ்சு இறுக்கம், காரணம் தெரியாத இளைப்பு, கட்டுப்படாத பிறசர், எழும்பும்போது தலைச்சுற்று, போன வருடத்துக்குள் விழுந்தது, அண்மையில் செய்த சத்திரசிகிச்சை, முழங்கால் அல்லது இடுப்பு மூட்டு மாற்றியது: இவற்றில் ஒன்றாவது இருந்தால் கிளினிக்குக்குப் போகிற அடுத்த முறை கொப்பியோடு சேர்த்து இந்தக் கேள்வியையும் கொண்டுபோங்கள். "நான் கதிரையில் இருந்து எழும்பும் பயிற்சி செய்யலாமா, நிலத்தில் இருந்து எழும்பலாமா?" என்று நேராகக் கேளுங்கள். "எக்சசைஸ் செய்யலாமா" என்று பொதுவாகக் கேட்டால் "ஓம், நடவுங்கோ" என்ற பதிலோடு வெளியே வந்துவிடுவீர்கள்.

சலரோகம் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு இருப்பதால் அதைத் தனியாகச் சொல்கிறேன். இன்சுலின் போடுகிறவர்களும், சீனியை இறக்குகிற குளிசை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் பயிற்சி செய்ய வேண்டாம். கை நடுங்கி, குளிர்ந்து வியர்த்து, கண் இருண்டால் உடனே நிறுத்திவிட்டு மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு இருங்கள். பாதம் மரத்துப் போனவர்கள் வெறுங்காலோடு செய்யக்கூடாது, முடிந்ததும் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். சலரோகத்தால் கண்ணில் இரத்தக்கசிவு உள்ளவர்கள் பாரம் தூக்குவதற்கு முன் கண் டொக்டரிடம் கேட்க வேண்டும்.

தசை உளைவு வரும், அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் தொடை கனக்கும், பயப்படத் தேவையில்லை. மூட்டுக்குள் ஊசி குத்துகிற மாதிரி நோ வந்தாலோ, செய்யச் செய்யக் கூடினாலோ, மூட்டு வீங்கினாலோ அந்த அசைவை நிறுத்துங்கள். நெஞ்சு இறுக்கம், கை அல்லது தாடைக்குப் பரவுகிற நோ, குளிர் வியர்வை, பேச்சுக் குழறுதல் வந்தால் ஓட்டோ தேடிக்கொண்டு நிற்காமல் 1990 க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

முதலில் அளந்து பாருங்கள்

வீட்டில் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். கைப்பிடி இல்லாத உறுதியான கதிரையைச் சுவரோடு முட்ட வையுங்கள். பிளாஸ்டிக் கதிரை என்றால் பின்னுக்குச் சுவர் கட்டாயம், அது மாபிள் தரையில் வழுக்கும். இரண்டு கையையும் நெஞ்சின் குறுக்கே வைத்துக்கொண்டு 30 செக்கனுக்குள் எத்தனை தரம் முழுதாக எழும்பி இருக்க முடிகிறது என்று எண்ணுங்கள். விழும் ஆபத்தைக் கண்டுபிடிக்க அமெரிக்காவில் பாவிக்கிற கணக்குப்படி 60 முதல் 64 வயது வரை ஆணுக்கு 14, பெண்ணுக்கு 12. 65 முதல் 69 வரை 12, 11. 70 முதல் 74 வரை 12, 10. 75 முதல் 79 வரை 11, 10. 80 முதல் 84 வரை 10, 9. இதற்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழே, விழும் ஆபத்துக் கூடுதல். அம்மா முதல் நாள் செய்தது 6.

இரண்டாவது, குசினி மேடைக்குப் பக்கத்தில், தேவைப்பட்டால் பிடிக்கக்கூடிய தூரத்தில் நின்று, ஒரு காலைத் தூக்கிப் பத்துச் செக்கன் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். 2022 இல் பிரேசிலில் இருந்து வந்த ஆய்வு 51 முதல் 75 வயது வரையான 1,702 பேரை இப்படி நிற்கவைத்துப் பார்த்தது, ஐந்தில் ஒருவரால் முடியவில்லை, முடியாதவர்களிடம் பின்வந்த வருடங்களில் இறப்பும் கூடுதலாக இருந்தது. ஒற்றைக் காலில் நிற்க முடியாததால் சாவு வருகிறது என்று இதை எடுக்க வேண்டாம், உடம்பு மொத்தமாக எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்தக் கால் காட்டிக்கொடுக்கிறது.

மூன்றாவது நிலத்தில் இருந்து எழும்புவது. அது இப்போது முடியாது என்று தெரிந்தால் செய்ய வேண்டாம், "முடியாது" என்று எழுதினால் போதும். மூன்றையும் சுவரில் தொங்குகிற கலண்டரில் திகதியோடு எழுதிவையுங்கள்.

கதிரையில் தொடங்குவது

ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கதிரையின் முன் விளிம்புக்கு வாருங்கள். பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, குதிக்கால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும்படி உள்ளே இழுங்கள். முன்னுக்குச் சாயுங்கள், மூக்கு கால்விரலுக்கு மேலே வரும் அளவுக்கு. பெரும்பாலானவர்கள் இங்கேதான் பிழைவிடுகிறார்கள்: நிமிர்ந்தபடியே எழும்பப் பார்ப்பார்கள், பாரம் எல்லாம் பின்னுக்கு இருக்கும், எழும்பாது. சாய்ந்த பிறகு மூச்சை விட்டுக்கொண்டு குதிக்காலால் நிலத்தைத் தள்ளி எழும்புங்கள். மேலே வந்து ஒரு செக்கன் நிமிர்ந்து நில்லுங்கள்.

இனி இருப்பது. பொத்தென்று விழக்கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, கதிரையைத் தொடுகிற கடைசி நொடி வரைக்கும் தொடையால் தாங்கிக்கொண்டு இறங்குங்கள். பலம் வளர்வதில் பாதி இந்த இறக்கத்தில்தான் இருக்கிறது.

எழும்ப முடியாவிட்டால் கதிரையில் ஒரு தலையணையையோ இரண்டையோ போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், அல்லது தொடையில் கையை ஊன்றுங்கள். அம்மா இரண்டு தலையணையில் தொடங்கினார். ஐந்து தரம் செய்து, இரண்டு நிமிடம் ஆறி, இன்னொரு ஐந்து. இது சுகமாக வந்தால் எட்டு, பத்து என்று கூட்டி, பத்தும் சுகமான பிறகு ஒரு தலையணையை எடுத்துவிட்டுத் திரும்ப ஐந்தில் இருந்து தொடங்குங்கள். தலையணை எல்லாம் போன பிறகு நெஞ்சோடு ஒரு 1.5 லீற்றர் தண்ணீர்ப் போத்தலை அணைத்துக்கொள்ளலாம், பிறகு தாழ்ந்த ஸ்டூலுக்குப் போகலாம். கடைசி இரண்டு தரம் கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் அசைவு குலையக்கூடாது. இந்த அளவுகோல் மற்ற எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பிள்ளையாருக்கு முன்னால் தோப்புக்கரணம் போடுகிறோமே, அதுவும் இதே அசைவுதான். அம்மா இப்போது கோயிலில் முழங்காலைச் சும்மா ஒரு சின்ன மடிப்பு மடிக்காமல், தூணைத் தொட்டுக்கொண்டு நன்றாக இறங்கி எழும்புகிறார்.

குனிந்து தூக்குவதும் சுமப்பதும்

நாரி பிடித்துக்கொண்டது என்று சொல்கிறவர்களில் பலர் வாளியையோ காஸ் சிலிண்டரையோ தூக்கும்போதுதான் பிடித்தது என்பார்கள். முதுகை வில்லாக வளைத்துத் தூக்குவதற்குப் பதிலாக இடுப்பு மூட்டில் மடியப் பழக வேண்டும். ஒரு தும்புத்தடியை முதுகோடு நிமிர்த்திப் பிடியுங்கள், பின்தலை, மேல்முதுகு, நாரிக்குக் கீழே உள்ள எலும்பு மூன்றிலும் தடி முட்ட வேண்டும். முழங்காலைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, பின்புறத்தால் கதவைத் தள்ளிச் சாத்துகிற மாதிரி பின்னுக்குப் போய்க் குனியுங்கள். தடி மூன்று இடத்திலும் ஒட்டியபடி இருந்தால் சரி. இப்படிப் பத்துத் தரம், இரண்டு கிழமை வெறும் தடியோடு. பிறகு அரைவாளி தண்ணீரை ஒரு ஸ்டூலுக்கு மேல் வைத்து அங்கிருந்து தூக்குங்கள், பிறகு நிலத்தில் இருந்து. சாமான் உடம்போடு ஒட்டி வர வேண்டும், தூக்கிக்கொண்டே உடம்பைத் திருகக்கூடாது, திரும்ப வேண்டுமென்றால் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

சுமப்பதற்கு இரண்டு சந்தைப் பையை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு தண்ணீர்ப் போத்தலைப் போடுங்கள், கைக்கு ஒன்றரைக் கிலோ. நிமிர்ந்து, தோளைக் காதோடு தூக்காமல், படலைக்கும் விறாந்தைக்கும் இடையில் ஒரு நிமிடம் நடங்கள், ஆறுங்கள், மூன்று தரம். கிழமைக்கு அரைக் கிலோ கூட்டினாலும் இரண்டு மூன்று மாதத்தில் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கின மரக்கறியை நீங்களே பஸ் வரைக்கும் கொண்டுவரலாம். பிறகு ஒரு கையில் மட்டும் சுமந்து நடந்து பாருங்கள், மற்றப் பக்கத்து இடுப்புத் தசை எப்படி வேலை செய்கிறது என்று தெரியும்.

தள்ளுகிற பலத்துக்கு சுவரில் கையை ஊன்றி, ஒரு அடி தள்ளி நின்று, முழங்கையை மடித்து நெஞ்சைச் சுவருக்குக் கொண்டுபோய்த் திரும்பத் தள்ளுங்கள். சுகமானால் குசினி மேடையில். எட்டு முதல் பத்துத் தரம். விழப்போகும்போது கை தாங்குவதும், நிலத்தில் இருந்து எழும்பும்போது உடம்பைத் தூக்குவதும் இந்தப் பலம்தான்.

படியும் சமநிலையும்

மினிபஸ்ஸின் முதல் படி எவ்வளவு உயரம் என்று முழங்கால் நோகிறவர்களைக் கேட்டால் தெரியும். விறாந்தைப் படியில் ஒரு கையால் தூணையோ சுவரையோ பிடித்துக்கொண்டு முழுப் பாதத்தையும் வைத்து ஏறுங்கள், கீழ்க்காலால் எம்பாமல் மேல்காலால் உடம்பைத் தூக்குங்கள், மெதுவாக இறங்குங்கள். ஒரு காலுக்கு ஐந்து, பிறகு மற்றக் கால். இறங்கும்போது முழங்கால் உள்ளே சாய்ந்தால் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள்.

சமநிலைக்கு வேறாக நேரம் ஒதுக்க வேண்டாம். தேத்தண்ணி கொதிக்கும் நேரம் போதும். மேடையைப் பிடித்துக் குதிக்காலைத் தூக்கி நுனிக்காலில் நின்று மெதுவாக இறங்குவது பத்துத் தரம். ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரலுக்கு முன்னால் ஒட்டிவைத்து நிற்பது 20 செக்கன். பிறகு ஒற்றைக் கால். முதலில் இரண்டு கையாலும் பிடித்து, பிறகு ஒரு கையால், பிறகு ஒரு விரலால், பிறகு பிடிக்காமல். நியூசிலாந்தில் ஒட்டாகோ என்று ஒரு பயிற்சித் திட்டம் வீட்டில் இருக்கிற முதியவர்களுக்காகவே செய்யப்பட்டது, இதே மாதிரி எளிய கால் பலப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் நடையும்தான் அதில் இருப்பது, அதைச் செய்தவர்கள் விழுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கால் குறைந்தது.

நிலத்துக்குப் போய் வருவது

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். வெள்ளைக்காரர் நாடுகளில் நிலத்தில் இருக்காமலே ஒரு வாழ்க்கையை ஓட்டிவிடலாம். எங்களுக்கு அப்படி இல்லை: செத்த வீட்டில் பாய், கோயில் அன்னதானத்தில் நிலம், பேரப்பிள்ளை விளையாடுவது நிலத்தில், கோலம் போடுவது நிலத்தில். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் விடியக் காலையில் போய்ப் பாருங்கள், ஆண்கள் பிரதட்டை செய்து உருண்டு போக, பின்னால் பெண்கள் அடியழித்துக்கொண்டு வருவார்கள், சில அடிகளுக்கு ஒருமுறை மண்ணில் விழுந்து கும்பிட்டு எழும்பி, திரும்ப விழுந்து எழும்பி, முழு வீதியும். அதில் நரைத்த தலைகளும் இருக்கும். நிலத்தில் இருந்து எழும்ப முடியாமல் போன மனிதர் முதலில் இந்த இடங்களுக்குப் போவதைக் குறைக்கிறார், பிறகு கதிரை போட்டு ஒரு மூலையில் இருக்கிறார், பிறகு வீட்டோடு நின்றுவிடுகிறார். அம்மா அந்த அந்தியேட்டிக்குப் பிறகு இரண்டு நல்லது கெட்டதுக்குப் போகாமல் விட்டதை நான் பார்த்தேன்.

கதிரைப் பயிற்சி ஆறு முதல் எட்டுக் கிழமை செய்து, தலையணை இல்லாமல் பத்துத் தரம் வந்த பிறகு இதற்கு வாருங்கள். முழங்கால் மாற்றியவர்கள் டொக்டரிடம் கேட்காமல் முட்டுக்காலில் நிற்க வேண்டாம். பாயின் மேல் மடித்த போர்வை போடுங்கள், உங்களுக்கு முன்னால் கட்டில் அல்லது சுவரோடு முட்டிய கதிரை இருக்கட்டும், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

கதிரையின் இருக்கையை இரண்டு கையாலும் பிடியுங்கள். ஒரு காலைப் பின்னுக்கு வைத்து அந்த முழங்காலை மெதுவாகப் போர்வையில் இறக்குங்கள், பிறகு மற்றதையும். முதல் இரண்டு கிழமை இவ்வளவுதான், இங்கிருந்தே திரும்ப எழும்பலாம். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து உயரத்தைக் கூட்டினால் இன்னும் சுகம். அது பழகிய பிறகு கையை நிலத்தில் வைத்து நாலு காலில் நில்லுங்கள், குழந்தை தவழ்கிற மாதிரி. அங்கிருந்து ஒரு பக்கம் இடுப்பைச் சாய்த்து இருங்கள். அடுத்த கட்டத்தில் முழுதாகப் படுத்தே பார்க்கலாம்.

எழும்புவது இதே வழியில் பின்னோக்கி. படுத்திருந்தால் பக்கவாட்டில் திரும்பி, முழங்கையாலும் மற்றக் கையாலும் தள்ளி இருங்கள். நாலு காலுக்கு வாருங்கள். கதிரை வரை தவழ்ந்து போங்கள். கையை இருக்கையில் வைத்து, பலமான காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, முன்னுக்குச் சாய்ந்து, மூச்சை விட்டு, கையாலும் காலாலும் சேர்த்துத் தள்ளி எழும்புங்கள். உடனே நடக்க வேண்டாம், திரும்பிக் கதிரையில் இருந்து பத்து மூச்சு எடுங்கள், பிறசர் மருந்து போடுகிறவர்களுக்குத் தலை சுற்றலாம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் போதும்.

இது பழகினவருக்கு, ஒருநாள் உண்மையாக விழுந்தாலும் எப்படி எழும்புவது என்று உடம்புக்குத் தெரிந்திருக்கும். விழுந்தால் துடித்து எழும்பாதீர்கள், கிடந்தபடியே கை காலை அசைத்துப் பாருங்கள், இடுப்பிலோ தொடையிலோ கடும் நோ இருந்தால், தலை அடிபட்டிருந்தால், அப்படியே கிடந்து ஆட்களைக் கூப்பிடுங்கள். தனியாக இருப்பவர்கள் கைத்தொலைபேசியை மேசையில் விடாமல் சட்டைப் பையிலோ கழுத்தில் தொங்கும் சின்னப் பையிலோ வைத்திருப்பது நல்லது.

அம்மாவுக்கு இந்த இடத்துக்கு வர ஐந்து மாதம் எடுத்தது. இன்னமும் ஒரு கையால் எதையாவது தொட்டுத்தான் எழும்புகிறார், ஆனால் தானாக எழும்புகிறார்.

கிழமையைப் பிரிப்பது

திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று நாள், ஒரு நாளைக்கு இருபது நிமிடம். முதல் இரண்டு கிழமை கதிரையும் சுவரும் குதிக்கால் தூக்குவதும் மட்டும். மூன்றாம் கிழமையில் தும்புத்தடியும் பைகளும், ஐந்தாம் கிழமையில் படி, அதற்குப் பிறகு நிலம். ஒரே நேரத்தில் எண்ணிக்கையையும் பாரத்தையும் கூட்டாதீர்கள். நான் முதல் மாதமே அவசரப்பட்டுப் பாரத்தைக் கூட்டி, முழங்கால் வீங்கி, பத்து நாள் இருக்கவேண்டி வந்தது. நடை மற்ற நாட்களில், அல்லது அதே நாளிலும்.

வெயில் காலத்தில் காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிடுங்கள், சோளகம் வீசுகிற மாதங்களில் காற்றிருந்தாலும் வெயில் உடம்பைக் காயவைத்துவிடும், தண்ணீர் குடியுங்கள். மாரிக்கு முற்றம் வழுக்கும், விறாந்தைக்கு மாறுங்கள். தெரு நாய்க்குப் பயந்து நடையை விட்டவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, கையில் ஒரு தடியோடு போகலாம், அல்லது வளவுக்குள்ளேயே சுற்றி நடக்கலாம்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக: தசைக்குப் புரதம் வேண்டும். முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை பரிந்துரைக்கிறார்கள், 60 கிலோ இருப்பவருக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 72 கிராம். எங்கள் வீடுகளில் வயது போனவர்கள் காலையில் பாணும் சம்பலும், இரவில் தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் என்று முடித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். காலையில் ஒரு முட்டை 6 கிராம், அவித்த பயறு ஒரு கோப்பை ஏறக்குறைய 14 கிராம், மதியம் உள்ளங்கை அளவு மீன் 20 கிராமுக்குக் கிட்ட. மரக்கறிச் சாப்பாட்டுக்காரர் பருப்பு, உழுந்து, கடலை, தயிரைக் கூட்டலாம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

பிள்ளைகளுக்கு

அம்மா அப்பாவின் கையில் இருக்கிற பையைப் பறிக்காதீர்கள். "நீங்கள் இருங்கோ அம்மா, நான் செய்யிறன்" என்று அன்பாகச் சொல்லிச் சொல்லியே நான் என் அம்மாவின் காலைப் பலவீனமாக்கினேன் என்று இப்போது தெரிகிறது. குடத்தைத் தூக்க விடவில்லை, முற்றம் கூட்ட விடவில்லை, சாப்பாட்டைக் கட்டிலடிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். விழுந்துவிடுவார் என்ற பயம். பாரத்தைக் குறைத்துக் கொடுங்கள், வேலையை எடுத்துவிடாதீர்கள். பயத்தைத் தணிக்க வேறு வழி இருக்கிறது: குளியலறையில் பிடிக்க ஒரு கம்பி, கட்டிலில் இருந்து கக்கூஸ் வரைக்கும் இரவில் ஒரு சின்ன வெளிச்சம், வாசலில் சுருண்டு கிடக்கிற கால்துடைக்கிற துணியை எடுத்துவிடுவது, பின்பட்டி இல்லாத தேய்ந்த செருப்பை மாற்றுவது, கிணற்றடிப் பாசியை உரஞ்சிக் கழுவுவது.

வெளிநாட்டில் இருந்து கோல் எடுக்கிற பிள்ளைகள் "சாப்பிட்டீங்களோ, மருந்து போட்டீங்களோ" என்பதோடு "இண்டைக்குக் கதிரை எத்தினை?" என்றும் கேளுங்கள். கனடாவில் இருக்கிற தம்பி கேட்பான் என்பதற்காகவே அம்மா செய்த நாட்கள் உண்டு.

இடையில் நின்றுபோனால்

நிற்கும். காய்ச்சல் வரும், டெங்கு வரும், வீட்டில் ஒரு காரியம் வரும், கொழும்புக்குப் போய் இரண்டு கிழமை நிற்க வேண்டி வரும். விட்ட இடத்தில் இருந்து தொடங்காதீர்கள். இரண்டு கிழமை விட்டிருந்தால் எண்ணிக்கையையும் பாரத்தையும் பாதியாக்கி ஒரு கிழமை செய்து பிறகு கூட்டுங்கள். வைத்தியசாலையில் படுத்து வந்திருந்தால் முதல் நாளைப் போல தலையணையில் இருந்தே தொடங்குங்கள், படுக்கையில் கிடந்த சில நாட்களிலேயே காலில் இருந்து நிறையப் போய்விடும், ஆனால் முன்பு செய்த உடம்பு விரைவாகத் திரும்பி வருகிறது.

பன்னிரண்டு கிழமை முடிந்ததும் அந்த மூன்று அளவையும் திரும்ப எடுத்து, கலண்டரில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அம்மாவின் 6 அப்போது 9 ஆகியிருந்தது, இந்த மாதம் 12.